மொழி தெரியாத ஊரில்



கடல் கடந்து பயணம் போகிறவர்களுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று உணவு, மற்றொன்று மொழி. உணவுக் கவலைக்கு மருந்தாக நம் வீட்டுத் தாய்மார்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மொழிக் கவலைக்கு அப்படிக் கட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. விமானத்தை விட்டு இறங்கிய மாத்திரத்தில், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லிய மனிதர், தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தை ஆகிவிடுகிறார். இந்த நிலையை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பல்லடத்துக்காரர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. பல்லடம், சோமனூர், திருப்பூர் வட்டாரங்களில் தறியையும் பின்னலையும் நம்பி வாழ்கிற குடும்பங்கள் பல. இங்கே ஓடுகிற நவீனத் தறிகளிலும் பின்னல் இயந்திரங்களிலும் ஜெர்மனியில் செய்தவை உண்டு. இத்தாலி, பெல்ஜியம், ஜப்பான் நாடுகளில் செய்தவையும் உண்டு. ‘இட்மா’ என்ற உலக ஜவுளி இயந்திரக் கண்காட்சி 1951 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடந்து வருகிறது. 2019ஆம் ஆண்டு பார்சிலோனாவிலும், 2023ஆம் ஆண்டு மிலான் நகரிலும் அது கூடியது. சீனாவிலே குவாங்சௌ நகரில் 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை பெருஞ்சந்தை கூடுகிறது. கொங்கு நாட்டிலிருந்து இத்தகைய இடங்களுக்குப் போய் வருகிறவர்களில் பலர் தமிழை மட்டுமே நன்றாக அறிந்தவர்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும், மிலான் நகரத்து வீதியில் ரொட்டி விற்கிற மூதாட்டிக்கு அது தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

இது நமக்குப் புதிய சங்கடமா என்றால், இல்லை. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வருகிற பாதை அது. அந்தக் கல்லிலே தமிழ் எழுத்தும் இருக்கிறது, வட்டெழுத்தும் இருக்கிறது. கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் வெவ்வேறு எழுத்துப் பழகியவர்கள் நடக்கிற பாதையில் இரண்டு எழுத்திலும் வெட்டி வைத்தவர்களின் முன்யோசனையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே வந்தவர்களைப் போலவே, இங்கிருந்து போனவர்களும் உண்டு. எகிப்து நாட்டில் செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்ற பழந்துறையில் அகழ்ந்தபோது, சாதன், கணன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே கிரேக்கமும் எகிப்திய மொழியும் வழங்கிய துறையிலே அந்தச் சாதனும் கணனும் பொருளை இறக்கி, விலை பேசி, தண்ணீர் கேட்டு வாழ்ந்திருக்கத்தானே வேண்டும்?

இன்னும் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்வெட்டைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். 1911ஆம் ஆண்டு காலி நகரில் அது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலே மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, அதாவது திருமாலை, வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைத் துதிக்கிறது. மரக்கலங்களும் படைவீரர்களும் புடைசூழ வந்த பெருந்தலைவர் அவர். எல்லோரும் என் மொழியிலே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் தடுப்பார் யார்? எனினும் அந்தக் கல் அவரவர் மொழியில் அவரவர் தெய்வத்தைப் பெயர் சொல்லி வணங்குகிறது. வேற்று மொழிக்காரரோடு பழகுவதற்கு முதற்பாடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் வணக்கம், பிறகுதான் வாணிகம்.

அந்த முதற்பாடத்தை இன்றைய பயணத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். எந்த நாட்டுக்குப் போனாலும், அந்நாட்டு மொழியில் ஐந்து சொற்களையாவது கற்றுக்கொண்டு போக வேண்டும். வணக்கம், நன்றி, மன்னியுங்கள், தயவு செய்து, எனக்கு உங்கள் மொழி தெரியாது. இவ்வளவே. பிரான்சு நாட்டில் கடைக்குள் நுழைகிறவர் ‘போன்ஜூர்’ என்று சொல்லாமல் சரக்கை விசாரித்தால், அது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். இத்தாலியில் ‘புவோன் ஜோர்னோ’ என்று தொடங்கி ‘கிராத்சியே’ என்று முடிக்க வேண்டும். ஜப்பானில் ‘சுமிமாசேன்’ என்ற ஒரே சொல், மன்னியுங்கள் என்பதற்கும், கொஞ்சம் இப்படிப் பாருங்கள் என்று அழைப்பதற்கும் பயன்படுகிறது. உச்சரிப்பு பிழையாக இருந்தால் பாதகமில்லை. நம் ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் ‘வணக்கம்’ என்பதை ‘வனாகம்’ என்று சொன்னால் நாம் கோபித்துக்கொள்கிறோமா? முகம் மலர்ந்து நாற்காலி போடுகிறோம். அந்த மலர்ச்சி எல்லா நாட்டு முகங்களுக்கும் பொது.

மரியாதைக்கு அடுத்தபடி எண். பயணம் செய்கிறவனுக்கு இலக்கணத்தைவிட எண் முக்கியம். கொங்கு நாட்டவர்களுக்கு இதில் ஒரு பரம்பரைத் தேர்ச்சி உண்டு. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய் திறக்காமலே ஆயிரக்கணக்கான ரூபாய் கைமாறிவிடும். ஆனால் இந்த விரல் மொழியும் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை மறக்கலாகாது. கட்டை விரலையும் சுட்டு விரலையும் நீட்டிக் காட்டினால் ஜெர்மனியில் அது இரண்டு. அதையே சீனத்தில் காட்டினால் எட்டு. இரண்டு பெட்டி கேட்டவனுக்கு எட்டுப் பெட்டி வந்து சேர்ந்தால் யாரைக் குறை சொல்வது?

எழுதிக் காட்டினால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிடவும் முடியாது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஆயிரத்தைப் பிரிப்பதற்குப் புள்ளியும், பின்னத்தைப் பிரிப்பதற்குக் காற்புள்ளியும் இடுவது வழக்கம். அங்கே 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. 1,50 என்றால் ஒன்றரை. தேதியிலும் இதே குழப்பம். 5/6 என்பது நமக்கு ஜூன் மாதம் ஐந்தாம் தேதி. அமெரிக்கருக்கு மே மாதம் ஆறாம் தேதி. சரக்கு அனுப்ப வேண்டிய கெடுவில் ஒரு மாதம் பிசகினால் என்ன ஆகும் என்பதை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதே உத்தமம். நம்முடைய இலட்சமும் கோடியும் வெளியே செல்லாது. சீனரும் ஜப்பானியரும் பத்தாயிரத்துக்குத் தனிப்பெயர் வைத்து எண்ணுகிறவர்கள். ஆகவே சுன்னங்களை எண்ணிப் பார்த்து, கணக்குப் பொறியில் தட்டிக் காட்டி, அவரையும் தட்டிக் காட்டச் சொல்லுவதே பாதுகாப்பு.

சீன மொழியில் வணிகருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ‘மாய்’ என்ற ஒலியைத் தாழ்த்தி ஏற்றிச் சொன்னால் வாங்குதல். மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் விற்றல். வாங்க வந்தவன் விற்க வந்தவனாக ஆவதற்கு ஒரு மூச்சு நேரம் போதும்.

ஒன்றுமே தெரியாத மொழியைக் காட்டிலும், அரைகுறையாகத் தெரிந்த மொழி அதிகம் ஏமாற்றக்கூடியது. இத்தாலியில் ‘புர்ரோ’ என்றால் வெண்ணெய். ஸ்பெயினில் அதே சொல்லுக்குக் கழுதை என்று பொருள். இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. சிரிக்க முடியாத பிழைகளும் உண்டு. குளியலறைக் குழாயில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைக் கண்டால் நாம் குளிர்ந்த நீர் என்று கொள்வோம். இத்தாலியில் அது ‘கால்தோ’ என்பதன் முதலெழுத்து, அதாவது வெந்நீர். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அப்படியே. குழந்தையைக் குளிப்பாட்டுகிற தாய் இதை அறிந்திருக்க வேண்டாமா? ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்பது பரிசு அன்று, நஞ்சு. டப்பாவின் மேல் அப்படி எழுதியிருந்தால் தொடக்கூடாது. ‘நோட்’ என்றால் அந்த மொழியில் ஆபத்து. ‘நோட் அவுஸ்’ என்று ஜெர்மன் இயந்திரத்தில் எழுதியிருந்தால், ஆபத்து வேளையில் அழுத்தி நிறுத்துகிற பொத்தான் என்று பொருள். ஆங்கிலம் அறிந்தவர் அதிலே ‘இல்லை’ என்ற சொல்லைக் கண்டு, இதை அழுத்தக்கூடாது போலும் என்று எண்ணிவிட்டால் விபரீதம். இந்தப் பொத்தானைப் பற்றி மறுபடியும் பேசவேண்டி வரும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மரக்கறி உண்பவர்கள், ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. பல நாடுகளில் மீனையும் கோழியையும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜப்பானில் காய்கறிச் சாறு போலத் தோன்றுவதிலும் மீன் கொதித்த நீர் கலந்திருப்பது வழக்கம். மீன், கோழி, இறைச்சி, முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அந்நாட்டு எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இக்காலத்தில் கைப்பேசியே துபாஷி வேலை பார்க்கிறது. கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் கருவியில் 2011ஆம் ஆண்டு தமிழ் சேர்ந்தது. பேசினால் மொழிபெயர்த்துச் சொல்கிறது; பலகையைப் படம் பிடித்தால் படித்துச் சொல்கிறது. நல்ல உதவிதான். ஆனால் அதனிடம் பேசுகிற முறை ஒன்று உண்டு. வீட்டிலே பேசுவது போல ‘அதானுங்க, அப்பவே சொன்னனுங்களே’ என்று தொடங்கினால் கருவி திகைத்துவிடும். எழுவாயை விடாமல், சிறு சிறு வாக்கியமாக, பாடப் புத்தகத் தமிழில் சொல்ல வேண்டும். அது தந்த மொழிபெயர்ப்பை மறுபடியும் தமிழுக்குத் திருப்பச் சொல்லிப் பார்த்தால், வழியில் எங்கே பொருள் சிதைந்தது என்பது விளங்கிவிடும். மின்னூட்டம் தீர்ந்துவிட்டால் கருவி வெறும் கண்ணாடித் துண்டு. தங்கியிருக்கும் விடுதியின் முகவரியை அந்நாட்டு எழுத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், எந்த வண்டிக்காரரும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

தொழிலறிவும் ஒரு மொழிதான். சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று இயந்திரங்களை ஆராய்ந்து வந்ததை நாடு அறியும். அறுந்த இழையைத் தொட்டுக் காட்டினால் எந்த நாட்டு நெசவாளருக்கும் அது புரியும். ஒத்த தொழில் செய்கிற இருவருக்கு நடுவே மொழியின்மை பாதித் தடைதான்.

ஆனால் சைகையும் புன்னகையும் கைப்பேசியும் போதாத இடங்கள் மூன்று உண்டு. அங்கே அரைமொழியை நம்பலாகாது.

முதலாவது மருத்துவமனை. மருந்துகளின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உட்கொள்ளும் மருந்தின் மூலப்பெயரை எழுதி எடுத்துப் போக வேண்டும். அதிலும் விதிவிலக்கு உண்டு. நாம் பாரசிட்டமால் என்கிறோம். அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். இரண்டும் ஒரே மருந்து. அறியாமல் இரண்டையும் விழுங்கினால் ஈரலுக்குக் கேடு. எந்த மருந்து உடம்புக்கு ஒவ்வாது என்பதையும் உடன் எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எங்கே இருந்தாலும் ஆபத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். நம் நாட்டிலும் அதே எண்தான்.

இரண்டாவது ஒப்பந்தம். விலை, அளவு, கெடு, தண்டம் இவை எழுதப்பட்ட தாளில், நன்றாகப் புரியாத மொழியில் கையொப்பம் இடலாகாது. துபாஷிக்குக் கொடுக்கிற கூலி, பின்னால் வழக்கறிஞருக்குக் கொடுப்பதைக் காட்டிலும் எப்போதும் குறைவு.

மூன்றாவது காவல் நிலையம். அச்சத்தில் தலையாட்டுவது நம்மவர் இயல்பு. நம் தலையாட்டலை ஆம் என்பார்களோ, இல்லை என்பார்களோ தெரியாது. பல்கேரியாவில் இரண்டும் தலைகீழ். வெளிநாட்டில் காவலில் வைக்கப்பட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோரலாம் என்பது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை. இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண், கடவுச் சீட்டோடு கூடவே இருக்கவேண்டிய பொருள்.

நிற்க. இதுவரை நாம் வெளியூர் போகிறவர் பக்கத்தில் நின்று பேசினோம். இப்போது கொஞ்சம் திரும்பிப் பல்லடத்துப் பேருந்து நிலையத்தைப் பார்ப்போம். தோளில் ஒரு பையோடு இறங்குகிற அந்த இளைஞன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கிறான். பலகைகளை அண்ணாந்து பார்க்கிறான். ஓர் எழுத்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. மிலான் நகரத்தில் நாம் பட்ட பாட்டை அவன் இங்கே படுகிறான். ஒரு வேறுபாடு உண்டு. நாம் நான்கு நாளில் திரும்பிவிடுகிறோம். அவன் ஆண்டுக் கணக்கில் இங்கே உழைக்க வந்திருக்கிறான். நமக்குத் தப்பினால் ஒரு வேளைச் சாப்பாடு. அவனுக்குத் தப்பினால் கூலி போகலாம், விரல் போகலாம், உயிரும் போகலாம்.

மொழி இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகும் என்பதை 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாம் கண்கூடாகக் கண்டோம். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான படக்காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து விசாரித்தார்கள். அந்தக் காட்சிகள் பொய்யானவை என்பது தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை பேர் நடுங்கிப்போனார்கள்! அருகிலிருக்கும் தமிழரிடம், ‘ஐயா, இது மெய்யா?’ என்று கேட்க அவர்களில் பலருக்கு மொழி இல்லை. ‘பொய் தம்பி, அஞ்சாதே’ என்று சொல்ல நம்மில் பலருக்கும் மொழி இல்லை.

இப்போது அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு வருவோம். தறிக்குடோனில் நிற்கிற இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை இயக்குகிற தொழிலாளி ஒடிசாவிலிருந்து வந்தவர். உடைமையாளர் பல்லடத்துக்காரர். மூன்று மொழிகளும் அந்த ஒரு பொத்தானின் மேல் வந்து சந்திக்கின்றன. இரவு முறை வேலையில், துணி சுருளும் உருளையில் ஒருவர் கை சிக்கிக்கொண்டால், அடுத்து நிற்பவர் எதை அழுத்த வேண்டும் என்பதை எந்த மொழியில் அறிவார்? மேற்பார்வையாளர் ‘நிறுத்து, நிறுத்து’ என்று தமிழில் கத்தினால், புதிதாக வந்தவருக்கு அது ஒரு கூச்சல்தானே?

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நிறுத்து, தொடாதே, மின்சாரம், ஆபத்து என்ற நான்கு சொற்களை, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டி வைக்கலாம். அவற்றை எழுதித் தரக்கூடியவர்கள் அந்தக் கூடத்திலேயே வேலை செய்கிறார்கள். எழுத்தறியாதவருக்காகப் படமும் வரையலாம். முதல் நாள் வேலைக்கு வருகிறவரை அழைத்துப்போய், அந்தப் பொத்தானை அவர் கையாலேயே ஒருமுறை அழுத்தச் செய்யலாம். ‘ருகோ’ என்றால் இந்தியில் நில் என்பதை நம் மேற்பார்வையாளர்களும் கற்கலாம். ஒடியாவில் ஆபத்துக்கு ‘பிபத’ என்பார்கள். நம் ‘விபத்து’க்கு அது உறவுச் சொல். கூலிக் கணக்கை அவருக்குத் தெரிந்த எண்ணில் எழுதிக் கொடுக்கலாம். காய்ச்சலில் கிடப்பவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறபோது, அவர் மொழியும் தமிழும் அறிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பலாம்.

வெளியே போனால் எந்த ஐந்து சொற்கள் நம் மானத்தைக் காக்கின்றனவோ, அந்த ஐந்து சொற்களை நம் வாசலுக்கு வந்தவரின் மொழியிலும் கற்றுக்கொள்வது, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது போன்றது. பெருவழியிலே இரண்டு எழுத்தில் கல் வெட்டிய நாடு இது. இன்றைய பெருவழி பல்லடத்தின் நடுவே போகிறது. அதில் வருகிற எளியவரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி நாலு சொல் எழுதி வைப்பது நம்மால் ஆகாத காரியம் அன்று.